மீஞ்சூர் கேட்டருகே இறக்கிய கண்ணாடி

மே 9, வியாழக்கிழமை. இடம்: லைட்ஹவுஸ் குப்பம், மைத்துனர் எத்திராஜின் வீட்டு வாசல்.

காலை 10.20. நிழலில் வெப்பநிலை 37 பாகை. கார் நின்ற நிலையில், இன்ஜின் ஓடுகிறது, ஏசி முழு வேகத்தில். பத்து நிமிடம் கழித்து ஏசியின் நடு வாயிலிலிருந்து வந்த காற்று: 29 பாகை.

10.50. பொன்னேரி சாலை, மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகம்: 15 பாகை.

11.05. சாலையோரம் நிறுத்தி ஐந்து நிமிடம்: 26 பாகை.

11.15. மீண்டும் ஓட்டத்தில்: 16 பாகை.

11.50. மீஞ்சூர், காதர் பாயின் பட்டறை. கேஸ் குறையவில்லை. கம்ப்ரஸரில் பழுதில்லை. முன்புற ஃபேன் சுழல்கிறது.

12.40. பழுது கண்டறியப்பட்டது.

மேலே உள்ளவற்றில் பிழை இல்லை. இனி எழுதப்போவதற்கு அந்த உத்தரவாதத்தை என்னால் தர இயலாது.

1

நெதர்லாந்தில் முப்பத்தொரு ஆண்டுகளாக வசிக்கிறேன். அவற்றில் பெரும்பகுதியை, வெப்பம் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எப்படி நகர்கிறது என்பதை மாணவர்களுக்கு விளக்குவதில் கழித்தேன். குளிர்சாதனப் பொறியியல் என் பாடம். எனக்குச் சொந்த ஊர் ஆரம்பாக்கம். என் மனைவி கஸ்தூரி லைட்ஹவுஸ் குப்பத்தில் பிறந்தவள். இடையில் கிடப்பது பழவேற்காடு ஏரிதான் என்றாலும் அவள் பேச்சின் பாதி எனக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் புரிந்தது.

சென்ற ஆண்டு மே மாதம் அவள் ஆறு வார விடுப்பில் குப்பத்துக்குப் போயிருந்தாள். என் பணியின் கடைசி ஆண்டு அது. திருத்த வேண்டிய விடைத்தாள்கள் இருந்ததால் நான் உடன் போகவில்லை. ஒரு முற்பகலில் அவளுக்கு நெஞ்சு வலித்தது. தம்பி எத்திராஜ் தன் காரில் ஏற்றிக்கொண்டு சென்னைக்கு விரைந்தான். வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தாள் என்கிறான். மருத்துவமனை வாயிலில் நினைவிழந்தாள். மாலை நான்கு மணிக்கு இறந்தாள். நான் மறுநாள் வந்து சேர்ந்தேன்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தொலைபேசியில் எத்திராஜிடம் ஒரே கேள்வியைக் கேட்டு வந்தேன். கார் குளிர்ச்சியாக இருந்ததா?

"சில்லுனு இருந்துச்சு மாமா. அக்காக்கு ஒரு பொட்டு வேர்வ இல்ல" என்பான் ஒவ்வொரு முறையும்.

என் மகளுக்கு இந்தக் கேள்வி பிடிக்கவில்லை. அவள் வேறு நகரத்தில் வசிக்கிறாள். தமிழைத் தேடித் தேடிப் பேசுவாள். "அப்பா, டாக்டர் ரிப்போர்ட் இருக்கு. நீங்க ஏன் கார் பத்தி மட்டும் கேக்கறீங்க?" என்றாள். அந்தப் பயணத்தில் எனக்குப் புரிகிற பொருள் அது ஒன்றுதான் என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

முழு உண்மை அதுவும் அல்ல. கஸ்தூரி நினைவோடிருந்த கடைசி ஒன்றேமுக்கால் மணிநேரம், அந்தக் கார்ப் பயணம், எத்திராஜிடம் இருந்தது. அதில் எனக்கென்று ஒரு துண்டு வேண்டியிருந்தது. வெப்பநிலையைக் கேட்டால் தருவான்; மற்றதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இந்த வயதில், இத்தனை படித்த பின், ஒரு மீனவனின் காதுகளைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன். அவளுடைய கடைசிச் சொற்கள் போய்ச் சேர்ந்த காதுகள் அவை.

2

இங்கே நெதர்லாந்தில் என் நாட்கள் ஒழுங்காகவே போகின்றன. ஏழு மணிக்குக் காபி, எட்டு மணிக்குக் கால்வாயோரம் நடை, பத்து மணிக்குக் கடிதங்கள். கடிதங்களில் வாரத்துக்கு ஒன்றாவது கஸ்தூரியின் பெயருக்கு வருகிறது. கண் பரிசோதனைக்கு அழைக்கிறார்கள். நூலக அட்டையைப் புதுப்பிக்கச் சொல்கிறார்கள். வெளிநாட்டில் நேர்ந்த மரணத்தை இந்த நகராட்சி தானாகப் பதிவதில்லை. மூலச் சான்றிதழ் வேண்டும், அதன்மேல் அரசு முத்திரை வேண்டும், பதிவு பெற்ற மொழிபெயர்ப்பாளரின் கையொப்பம் வேண்டும். எல்லாம் வாங்கிக்கொண்டு ஒருமுறை போனேன். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இருந்த பெண், சான்றிதழில் குடும்பப் பெயர் எது என்று கேட்டாள். குடும்பப் பெயர் கிடையாது, முன்னால் நிற்கும் ஓர் எழுத்து அவளுடைய தந்தையைக் குறிக்கிறது என்று விளக்கினேன். அப்படியானால் அந்த எழுத்தின் முழு வடிவத்துக்கு இன்னொரு சான்று வேண்டும் என்றாள்.

அந்தச் சான்று கிடைத்து எட்டு மாதமாகிறது. மேசை இழுப்பறையில் இருக்கிறது. இவர்களுடைய பதிவேட்டின்படி கஸ்தூரி இன்னும் இதே முகவரியில் என்னோடு வசிக்கிறாள். எனக்கு அவசரம் இல்லை.

பக்கத்து வீட்டுக்காரரிடம் டச்சு மொழியில் பேசும்போது, "என் மனைவிக்கு இந்த ஊர்க் குளிர் ஒத்துக்கொள்ளாது" என்று சென்ற மாதமும் சொல்லிவிட்டேன். அவர் என்னைத் திருத்தவில்லை. தலையசைத்துவிட்டு வேலியைக் கத்தரித்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் தம்பியோடு பேசுவது வழக்கம். வலைக்கு எவ்வளவு இறால் பட்டது, எந்தக் காற்று அடிக்கிறது, யார் வீட்டுப் படகு விலைக்கு வருகிறது என்று சமையலறையில் நின்றபடி குரலை உயர்த்திப் பேசிச் சிரிப்பாள். நான் உள்ளே நுழைந்தால் அந்தப் பேச்சு நின்றுவிடும். நிறுத்தியது வெட்கத்தால் என்று அப்போது நினைத்தேன். என்னிடம் திரும்பி, "சாப்பிடுறீங்களா?" என்பாள், வேறொரு பெண்ணின் குரலில். முப்பது ஆண்டுகளாக எனக்குக் கிடைத்தது அந்தக் குரல். இன்னொன்று எத்திராஜுக்குப் போய்க்கொண்டிருந்தது.

காரில் போகும்போது அவளுக்குக் கண்ணாடியை இறக்க வேண்டும். நான் சம்மதிப்பதில்லை. ஏசி ஓடும்போது கண்ணாடியைத் திறப்பது எவ்வளவு வீண் என்பதை அவளுக்குப் பலமுறை விளக்கியிருக்கிறேன், வகுப்பில் விளக்குவது போலவே. மகள் சிறுமியாக இருந்தபோது மற்றக் கண்ணாடிகள் இறங்காதபடி ஓட்டுநர் பக்கத்துப் பூட்டுப் பொத்தானை அழுத்தி வைத்தேன். மகள் வளர்ந்து வீட்டை விட்டுப் போனாள். கார் இரண்டு முறை மாறியது. ஒவ்வொரு புதிய காரிலும் அந்தப் பொத்தானை முதல் நாளே அழுத்தினேன்.

3

முதல் வருஷப் படையலுக்காக இந்த மே மாதம் ஊருக்குப் போனேன். மகள் வரவில்லை, வேலை. விமான நிலையத்துக்கு எத்திராஜ் அதே காரைக் கொண்டுவந்திருந்தான். முன் இருக்கையின் கதவைத் திறந்துவிட்டான். அவள் எந்த இருக்கையில் உட்கார்ந்திருந்தாள் என்று கேட்க நினைத்து, கேட்காமல் ஏறிக்கொண்டேன்.

மாதவரம் சிக்னலில் நின்றபோது என் முகத்தில் வெதுவெதுப்பான காற்று பட்டது. கையை வாயிலின் முன்னால் வைத்துப் பார்த்தேன்.

"எத்திராஜு, இது சூடா வருதே."

"ரெண்டு வாரமாத்தான் மாமா இப்டி. வண்டி ஓட ஆரம்பிச்சா சரியா பூடும்."

"முன்னாடி?"

"முன்னாடி சூப்பரா இருந்துச்சு." அவன் சிக்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். விளக்கு பச்சைக்கு மாறி, பின்னால் இருந்தவர்கள் ஒலி எழுப்பிய பிறகும் அவன் கால் நகரவில்லை.

படையல் முடிந்த மறுநாள், என்னைச் சும்மா உட்காரவிடக் கூடாது என்று எண்ணியோ என்னவோ, பழவேற்காட்டு டச்சுக் கல்லறைக்கு அழைத்துப் போனான். இளமையில் நான் அதைக் கடந்து போனதுண்டு. உள்ளே நின்று வாசித்ததில்லை. வாசிக்கும் மொழி அப்போது என்னிடம் இல்லை. இப்போது கருங்கல்லில் வெட்டிய எழுத்துகளைத் தட்டுத் தடுமாறிப் படிக்க முடிந்தது.

"இன்னா மாமா எழுதிகீது?"

"ஒரு வியாபாரி. அவர் மனைவி. ரெண்டு பேரையும் இங்கயே வச்சிருக்காங்க."

"ஒரே கல்லுலயா?"

"ஒரே கல்லுல."

"உங்க ஊர்க்காரங்க வெவரமாத்தான் இருந்துகிறாங்க." அவன் சிரித்தான், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

உங்கள் ஊர்க்காரர்கள் என்று அவன் சொன்னது தவறில்லை. அவர்கள் என் ஊரில் கிடக்கிறார்கள். நான் அவர்கள் ஊரில் இருக்கிறேன். கஸ்தூரியின் சாம்பலை முகத்துவாரத்தில் கரைத்தோம். கல் இல்லை. அந்த வியாபாரியின் மீதும், கடல் கடந்து வந்து கணவனுக்குப் பக்கத்தில் படுத்துவிட்ட அவர் மனைவியின் மீதும் எனக்கு எழுந்தது மரியாதை அல்ல.

வெளியே வந்து காரில் ஏறினோம். மறுபடியும் வெதுவெதுப்பான காற்று. நாளைக்கு இதைப் பார்த்துவிடலாம் என்றேன்.

"விடுங்க மாமா, லீவுல வந்துட்டு. நான் அப்புறமா பாத்துக்குறேன்."

"என் வேலையே இதுதான், எத்திராஜு."

4

பழுதைத் தேடுவதில் ஒரு நேர்மை இருக்கிறது. ஏசியிலிருந்து சூடான காற்று வருவதற்கு எத்தனையோ காரணங்கள் உண்டு. ஆனால் ஒவ்வொன்றும் தனக்கென ஓர் அடையாளத்தை விட்டுச் செல்லும். கேஸ் கசிந்து குறைந்திருந்தால் ஓடும்போதும் நன்றாகக் குளிராது. கம்ப்ரஸர் கெட்டிருந்தால் குளிரவே குளிராது. இந்தக் கார் ஓடும்போது குளிர்ந்தது, நின்றால் சூடாயிற்று. வெளிக்காற்று வேகமாக மோதினால் மட்டும் இயங்குகிற ஓர் உறுப்பு மூச்சு முட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அது கண்டென்ஸர்: காரின் முகப்பில், ரேடியேட்டருக்கு முன்னால், மெல்லிய அலுமினிய இதழ்களை அடுக்கியது போல நிற்பது. உள்ளேயிருந்து எடுத்துவந்த வெப்பத்தை அது வெளிக்காற்றிடம் ஒப்படைக்கிறது. ஒப்படைக்க முடியாவிட்டால் வெப்பம் உள்ளேயே திரும்பிவிடும்.

காதர் பாய் மீஞ்சூரில் கார் ஏசி மட்டும் பார்ப்பவர், என் வயதுக்காரர். என் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தார்.

"சார் ஜுரம் பாக்கற மாதிரி எழுதி வச்சிருக்காரு" என்றார் எத்திராஜிடம். "நோயாளி பொழைச்சிக்கும். கவலப்படாத."

அழுத்தம் பார்க்கும் கேஜை மாட்டினார். கார் நிற்க நிற்க உயர் அழுத்த முள் ஏறிக்கொண்டே போனது. கண்டென்ஸர்தான் என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அவர் சிரித்தார். "சார் புக்குல படிச்சி வந்தீங்க, நான் கை சுட்டு வந்தேன். ரெண்டு பேரும் ஒரே எடத்துக்குத்தான் வந்துகிறோம்."

முன் கிரில்லைக் கழற்றியதும் அவர் சிரிப்பு நின்றது. அலுமினியம் கண்ணில் படவில்லை. கறுத்த பசை போன்ற ஒன்று இதழ்களின் இடுக்குகளை அடைத்திருந்தது. அதில் மணல், சவுக்கு ஊசிகள், வெயிலில் மின்னும் மீன் செதில்கள்.

"இன்னாயா இது? வடை சுட்டியா இதுல?"

காதர் பாய் ஸ்க்ரூடிரைவர் முனையால் ஓரத்தைச் சுரண்டினார். பசை, மணல், மறுபடியும் பசை, மறுபடியும் மணல். "மூணு கோட்டிங் அடிச்சிகிது. பெயிண்டர் கூட இவ்ளோ சுத்தமா அடிக்க மாட்டான்."

"உப்புக் காத்து, பாய்" என்றான் எத்திராஜ் கடைசியில். "எதிர் வீட்டு வண்டில ஒரே வருஷத்துல இது துருப்புடிச்சி ஓட்டையாச்சி. போட்டு இன்ஜினுக்கு ஐப்பசில பழைய ஆயில் தடவி வைப்போம்ல, உப்பு ஏறாம. அதான் இதுக்கும் ஒரு கை தடவுனேன்."

குப்பத்தில் இரும்பைக் காப்பாற்றும் முறை அது. மழைக்காலத்துக்கு முன் படகின் இன்ஜினுக்கு எண்ணெய் பூசாதவனைப் பொறுப்பில்லாதவன் என்பார்கள். அந்தப் பொறுப்பைத்தான் அவன் காருக்கும் செய்திருக்கிறான். எண்ணெயில் மணல் ஒட்டும், அதன்மேல் அடுத்த ஐப்பசியில் மறுபடியும் எண்ணெய்.

"வருஷா வருஷமா?" என்று கேட்டேன்.

"வருஷா வருஷம்."

மூன்று பூச்சு, மூன்று ஐப்பசி. கஸ்தூரி இறந்தது இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையில். அவள் அந்தக் காரில் ஏறியபோது இரண்டு பூச்சு இருந்தது. எத்திராஜ் என் முகத்தைப் பார்த்தான். நான் எண்ணி முடித்துவிட்டேன் என்று அவனுக்குத் தெரிந்தது.

5

காதர் பாய் சோப்புத் தண்ணீரைக் கலக்கப் போனார். பட்டறைக்கு வெளியே ஒரு வேப்பமரத்தடியில் நாங்கள் நின்றோம். அங்கிருந்து ரயில்வே கேட் தெரிந்தது. மூடியிருந்தது. சரக்கு ரயில் ஒன்று மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

"அன்னைக்கும் சூடாத்தான் வந்துச்சு, மாமா" என்றான்.

நான் அவன் பக்கம் திரும்பினேன்.

"இதே கேட்டுதான். மூடிட்டான். இருவது நிமிஷம் நின்னோம். உள்ள அனலா அடிக்குது. மெஷின தட்டுறேன், திருப்புறேன். அக்காதான் 'அத நிறுத்துடா, கண்ணாடிய எறக்கு'னு சொல்லிச்சி. நான் எறக்குனேன். கைய வெளில உட்டுச்சி. கொஞ்ச நேரம் கழிச்சி, 'கொண்டல் வந்துச்சுடா'னு சொல்லிச்சி."

கொண்டல் என்பது குப்பத்தில் கடலிலிருந்து வரும் காற்று. மீஞ்சூர் வரை அது வருமா என்று எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"சிரிச்சிச்சி மாமா. 'உங்க மாமா இருந்தா இந்நேரம் கண்ணாடிய ஏத்தச் சொல்லிப் பாடம் நடத்தியிருப்பாரு'னு சொல்லிட்டு சிரிச்சிச்சி."

சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டி கடந்தது. கேட் தூக்கப்பட்டது. இருபுறமும் காத்திருந்த வண்டிகள் ஒன்றையொன்று முந்தின.

"ஏன் சொல்லல?"

"நீங்க ஏசியத்தான் கேட்டீங்க. இன்ஜினியரு நீங்க. சூடுன்னா, அந்தச் சூட்டாலதான் போச்சுனு கணக்குப் போட்டுருவீங்கனு பயந்துட்டேன். தடவுனது நான்தான மாமா." அவன் லுங்கி முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு, ஓராண்டாக எனக்குப் பதில் சொல்லிவந்தவன் முதல்முறையாக என்னைக் கேட்டான். "படிச்சவரு நீங்க, சொல்லுங்க. அந்தச் சூட்டாலதான் போச்சா அக்கா?"

இதற்கு எனக்கு விடை தெரியும். மருத்துவ அறிக்கையை வரிவரியாகப் படித்திருக்கிறேன். அதை எழுதிய மருத்துவரோடு இரண்டு முறை பேசியிருக்கிறேன். அவளுடைய இதயத்தின் பிரதான இரத்தக்குழாய் அடைத்திருந்தது. அந்த அடைப்பு பல மாதங்களாக என் வீட்டில், என் கண்ணெதிரே, நான் கவனிக்காமல் வளர்ந்தது. இருபது நிமிட வெப்பக் காற்று அதை எந்த வகையிலும் மாற்றியிருக்காது. கண்ணாடி இறங்கியதும் காரினுள் வெப்பம் வெளிவெப்பத்துக்கு இணையாகிவிடும். அவள் பிறந்து வளர்ந்த வெப்பம் அது. இல்லை என்ற ஒரு சொல்லைச் சொன்னால் போதும்.

முப்பது ஆண்டுகள் நான் மறுத்ததை அவன் ஒரு நொடியில் கொடுத்திருந்தான். அவள் சிரிப்பைக் கேட்டிருந்தான். அந்தச் சிரிப்பில் நான் எந்த இடத்தில் நின்றேன் என்பதையும் அவனே எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

"இனிமே எண்ணெய் தடவாத" என்றேன். "மாசம் ஒருதடவ நல்ல தண்ணியில கழுவு. அது போதும்."

அவன் தலையாட்டினான். மேலும் ஏதாவது வரும் என்று சிறிது நேரம் நின்றான். காதர் பாய் உள்ளேயிருந்து அழைத்தார், போய்விட்டான்.

6

கழுவி முடித்ததும் நின்ற நிலையில் 12 பாகை வந்தது. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

மூன்று நாள் கழித்து அவன் என்னை விமான நிலையத்துக்கு ஏற்றிப் போனான். எல்லாக் கண்ணாடிகளும் ஏற்றப்பட்டிருந்தன, எனக்காக. "இப்ப சில்லுனு கீதா மாமா?" என்று பொன்னேரியில் ஒருமுறை கேட்டான். இருக்கிறது என்றேன். மீஞ்சூரில் கேட் திறந்திருந்தது. நிற்க வேண்டியிருக்கவில்லை. அங்கே நின்றிருந்தால் சொல்லியிருப்பேன் என்று விமானத்தில் எனக்கு நானே கூறிக்கொண்டேன். அதை நான் நம்பவில்லை.

இங்கே வந்து மூன்று வாரமாகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவருமே அழைப்பதில்லை. என்னிடம் இனி கேள்வி இல்லை. அவனுடைய கேள்வியோ என்னிடம் இருக்கிறது. அவன் ஓராண்டு சொன்ன பொய் என்னைக் காப்பதற்காகவும்தான் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. நான் சொல்லாமல் விட்ட உண்மை யாரையும் காக்கவில்லை. ஒரு மனிதனை, தன் அக்காவைத் தானே கொன்றவன் என்ற நினைப்போடு தினமும் கடலுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன். அந்த ஒன்றேமுக்கால் மணிநேரத்தை அவனிடமிருந்து பறிக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை போலும்.

செய்யாமல் கிடக்கும் வேலைகள்:

இழுப்பறையில் உள்ள சான்றிதழை நகராட்சியில் ஒப்படைப்பது.

கஸ்தூரியின் நூலக அட்டையைத் திருப்பிக் கொடுப்பது.

"கொண்டல் வந்துச்சுடா" என்று அவள் சொன்னதை மகளுக்குச் சொல்லி, அதன் பொருளையும் விளக்குவது.

காரில் கண்ணாடிப் பூட்டுப் பொத்தானை விடுவிப்பது.

எத்திராஜை அழைத்து, இல்லை என்று சொல்வது.